காலடியில் நகரும் காரைக்கால்

காரைக்கால் என்றதும் சிலருக்கு அம்மையாரின் மாங்கனித் திருவிழா நினைவுக்கு வரும். சிலருக்கு அரசலாறு கடலில் சேரும் கடற்கரை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சமதரைதான். பேருக்குக்கூட ஒரு குன்று கிடையாது. வீடு கட்டக் கருங்கல் ஜல்லி வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து லாரியில்தான் வந்தாக வேண்டும்.

அப்படியானால் பாறையே இல்லாத ஊரா இது? இருக்கிறது. காவிரிப் படுகையின் சில இடங்களில் அது 5 கிலோமீட்டருக்கும் கீழே இருக்கிறது. அவ்வளவு ஆழத்துக்கு அது எப்படிப் போனது என்று கேட்டால், கண்டங்கள் பிரிந்த கதையைச் சொல்ல வேண்டும்.

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல. ஏழெட்டுப் பெரிய தட்டுகளும் பல சின்னத் தட்டுகளும் சேர்ந்தது. உள்ளே இருக்கும் வெப்பத்தால் அடியிலுள்ள பாறை மிக மெதுவாக நகர்கிறது. கடலடித் தட்டின் குளிர்ந்த விளிம்பு கனத்துப்போய் இன்னொரு தட்டின் கீழே அமிழ்கிறது. கிணற்றுச் சுவரில் போட்ட ஈரப் புடவையின் நுனி உள்ளே சரிந்தால் மீதியையும் இழுத்துக்கொண்டு போகுமே, அதுபோலத்தான் தட்டும் நகர்கிறது. மேலே இருக்கும் கண்டமும் கூடவே போகிறது.

ஒரு காலத்தில் இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக் கிடந்தன. அந்தப் பெருநிலத்துக்கு கோண்டுவானா என்று பெயர். நம் நாட்டின் கோண்டு மக்கள் வாழும் வனப்பகுதியின் பெயர்தான் அது. 1885-ல் ஆஸ்திரியப் புவியியலாளர் எட்வர்ட் சூயஸ் அதைப் பெருநிலத்துக்குச் சூட்டினார். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-ல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை. 1960-களில் கடலடி ஆய்வுகள் வந்த பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

நம் கிழக்குக் கரை, அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த பக்கம். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் பிரிந்தன. சப்பாத்தி மாவை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில் மெலிந்து தொய்யும் அல்லவா? நிலமும் அப்படித்தான் மெலிந்து, விரிசல் விட்டு, பள்ளமானது. பாறை கீழே இறங்கியது. அந்தப் பள்ளம்தான் காவிரிப் படுகை.

பள்ளத்தில் கடல் புகுந்தது. இன்று கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் அரியலூர் பக்கம் நிலத்தைத் தோண்டினால் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைப்பது அதனால்தான். அங்குள்ள சிமென்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் தந்ததே. பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆறுகள் வண்டல் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்பின. அடியில் புதைந்த உயிர்ச்சத்துள்ள சேறு, வெப்பத்தில் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறியது. நிரவியில் ஓ.என்.ஜி.சி. வந்து உட்கார்ந்திருப்பதற்கும், பக்கத்து நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பதற்கும் காரணம் அந்தப் பழைய பிரிவினைதான். வயலின் வளமான மேல்மண் மட்டும் காவிரி நேற்றுக் கொண்டுவந்து போட்டது.

விரிந்த நிலம், இடித்த நிலம்

பிரிந்த இந்தியா சும்மா இருக்கவில்லை. வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இமயமலை எழுந்தது. நகர்வு இன்னும் நிற்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். அதே தட்டின் கிழக்கு விளிம்பு, சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை பக்கத்துத் தட்டின் கீழே நுழைகிறது. எளிதில் நுழைவதில்லை. சிக்கிக்கொள்கிறது. வில்லை வளைப்பதுபோல் அழுத்தம் சேர்கிறது.

2004 டிசம்பர் 26 காலை 6.30 மணிக்குச் சற்று முன் அந்தச் சிக்கல் அறுந்தது. நிலநடுக்க அளவு 9.1. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டின் விளிம்பு சறுக்கியது. கடல்தளம் தூக்கிப்போட்டதில் மேலே இருந்த நீர் அலையாகக் கிளம்பியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு மீனவக் குடியிருப்புகளை அடைந்தது. அங்கே பல வீடுகளில் இன்றும் மாலை போட்ட படங்கள் இருக்கின்றன.

இரண்டு மணி நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. இன்று நிலைமை வேறு. 2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் மூன்று விஷயங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள்.

ஒன்று, கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என்று காத்திருக்காதீர்கள். 2004-ல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் பக்கம் முதலில் நீர் ஏறியது.

இரண்டு, முதல் அலையோடு முடிந்துவிடாது. அடுத்த அலை இன்னும் பெரிதாகவும் வரலாம். எச்சரிக்கை விலக்கப்படும்வரை பாத்திரமோ வலையோ எடுக்கக் கரைக்குத் திரும்பாதீர்கள்.

மூன்று, சமதரை ஊரில் மேடு தேடி ஓட முடியாது. உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடி அல்லது கடலுக்கு எதிர்த்திசை, இரண்டில் எது கிட்டமோ அது. ஆற்றோரமாக ஓட வேண்டாம். முகத்துவாரம் வழியாகவும் அலை உள்ளே ஏறும்.

அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. அதற்குள் காரைக்கால் சுமார் ஒரு மீட்டர் நகர்ந்திருக்கிறது. அலையைப் பார்த்தவர்கள், பார்க்காத அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததை ஒருமுறை உட்கார்ந்து சொல்லுங்கள்.