கண்ணை நம்புவதா, கருவியை நம்புவதா?

காய்ச்சல் இருக்கிறதா என்று அறிய அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். மருத்துவர் வெப்பமானி வைத்துப் பார்க்கிறார். கை தோராயமாகச் சொல்லும். கருவி அளந்து சொல்லும். சாலையில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தண்டனை கடுமையானதுதான். ஆனால் அதே சட்டத்தின் 203ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஓட்டுபவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் காவலர் அவரைக் கருவியில் ஊதச் சொல்லலாம். அதாவது, கண் சந்தேகித்த பிறகே கருவிக்கு வேலை!

இந்த வரிசை சரியல்ல என்பது என் கருத்து. ஓரளவே குடித்தவர் தள்ளாட மாட்டார், பேச்சும் குழறாது. ஆயினும் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க அவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். அரை வினாடி தாமதித்தால் வண்டி 8 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். சாலையைக் கடக்கும் குழந்தைக்கு அந்த 8 மீட்டர்தான் வாழ்வும் சாவும். அதைக் காவலரின் கண் எப்படிக் காணும்?

கருவியால் முடியும். நுரையீரலில் இரத்தத்திலுள்ள ஆல்கஹாலில் ஒரு பகுதி ஆவியாகி மூச்சில் கலக்கிறது. கரைசலில் உள்ள அளவுக்கும் அதன் மேலுள்ள ஆவியின் அளவுக்கும் குறிப்பிட்ட வெப்பநிலையில் நிலையான விகிதம் உண்டு என்ற ஹென்றியின் விதி இங்கே கைகொடுக்கிறது. சுமார் 2,100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் உள்ள ஆல்கஹால், 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் எனக் கொள்கிறார்கள். ஒரு முறை ஊதினாலே போதும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு இந்த வழியில் துணிந்து இறங்கியது. 1982 டிசம்பர் 17 முதல், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லக் காவலருக்கு அதிகாரம் அளித்தது. 1982இல் அங்கே சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,253 பேர். 1983இல் 966 பேர். குறைவு முழுவதும் இச்சோதனையால்தான் என்று கூறுவது அறிவியல் நோக்கு ஆகாது. ஆயினும் இதன் பங்கு பெரிது. எப்போது வேண்டுமானாலும் சோதிக்கப்படலாம் என்ற எண்ணமே பலரைக் குடித்துவிட்டு வண்டியைத் தொடாமல் தடுத்தது. பிடிபடவே மாட்டோம் என்று நினைப்பவனை எவ்வளவு பெரிய அபராதமும் அச்சுறுத்தாது.

"குடிக்காதவரையும் நிறுத்துவது அவமானம் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். ரயிலில் பரிசோதகர் எல்லோரிடமும் பயணச்சீட்டுக் கேட்கிறார். யாரும் அவமானமாக நினைப்பதில்லை. உண்மையில் சந்தேகம்தான் அநீதிக்கு இடம் தரும். அது ஆளின் உடையையும் வண்டியின் விலையையும் பார்த்து எழக்கூடும். கருவிக்கு ஏழை, பணக்காரர் என்ற பேதம் தெரியாது.

மோட்டார் வாகனங்கள் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ளன. எனவே குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் மாநிலச் சட்டமன்றங்களும் இச்சட்டத்தைத் திருத்தலாம். அந்தத் துணிவு நம் மாநிலங்களுக்கு வர வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடித்தவர் சொந்தச் சித்தப்பாவே ஆனாலும், "நான் நிதானமாகத்தான் இருக்கிறேன், ஏறு" என்று அழைத்தால், அவர் வண்டியில் ஏறாதீர்கள். மரியாதையோடு மறுத்துவிட்டு, அந்த 8 மீட்டர் கணக்கை அவருக்கும் சொல்லுங்கள்.