ஜப்பானை முந்திவிட்டோமா?

2025 மே 24 அன்று டெல்லியில் நிதி ஆயோக்கின் ஆட்சிமன்றக் குழு கூடிக் கலைந்த பிறகு, அதன் தலைமைச் செயல் அதிகாரி பி.வி.ஆர். சுப்பிரமணியம் செய்தியாளர்களைச் சந்தித்தார். இந்தியா உலகின் நான்காவது பெரிய பொருளாதாரம் ஆகிவிட்டது, ஜப்பானைத் தாண்டிவிட்டோம் என்றார். இது தன் கணக்கல்ல, பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு என்றும் சேர்த்துச் சொன்னார். அன்று கிளம்பிய வாக்கியம் தொலைக்காட்சி விவாதம், வாட்ஸப் குழு, கட்சி மேடை என்று சுற்றி, டிசம்பர் இறுதியில் மத்திய அரசின் ஆண்டுத் தொகுப்பிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதை நம்பச் சொல்பவர்கள் வைக்கும் வாதங்கள் நான்கைந்துதான்.

முதல் வாதம்: நிதியமே சொல்லிவிட்டது. சொன்னது உண்மை, என்ன சொன்னது என்பதில்தான் சிக்கல். 2025 ஏப்ரலில் வெளியான உலகப் பொருளாதாரக் கண்ணோட்ட அறிக்கையில் 2024-ஆம் ஆண்டுக்கு ஜப்பான் சுமார் 4.03 லட்சம் கோடி டாலர், இந்தியா சுமார் 3.91 லட்சம் கோடி டாலர். அதாவது ஜப்பான் முன்னால். அடுத்த வரிசையில், 2025-க்கு, இந்தியா 4.187, ஜப்பான் 4.186. இந்த இரண்டாவது வரிசை நடந்து முடிந்ததன் கணக்கல்ல, முன்கணிப்பு. இந்தியாவுக்கு நிதியம் 2025 என்று போடுவது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நிதியாண்டை. அது பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் 'ஆகிவிட்டது' என்று அறிவிப்பு வந்தது. நிதி ஆயோக் உறுப்பினர் அர்விந்த் விர்மானியே பின்னர், ஆண்டு முடிவில்தான் அந்த இடம் கிடைக்கும் என்று திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

வித்தியாசம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 59 கோடி டாலர். அன்றைய விலைக்கு 5,000 கோடி ரூபாய். 350 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் ஒரு பொருளாதாரத்தில் இது கணக்குப் பிழைக்குள் காணாமல் போகும் தொகை. நம் புள்ளிவிவரத் துறை ஒரே ஆண்டின் உற்பத்தியை முன்மதிப்பீடு, தற்காலிக மதிப்பீடு என்று படிப்படியாகத் திருத்தும்போது இதைவிடப் பல மடங்கு மேலும் கீழும் போகும்.

ஆறு மாதம் கழித்து நடந்ததைத்தான் யாரும் தலைப்புச் செய்தியாக்கவில்லை. 2025 அக்டோபர் அறிக்கையில் அதே நிதியம் அதே ஆண்டுக்குப் போட்ட எண்கள்: ஜப்பான் சுமார் 4.28 லட்சம் கோடி டாலர், இந்தியா சுமார் 4.13. மறுபடி ஐந்தாம் இடம். நிதியத்தின் கணக்கே சான்று என்றால் அக்டோபர் கணக்கும் சான்றுதானே? டிசம்பர் தொகுப்போ அதற்குப் பிறகும் 4.18 என்ற பழைய எண்ணையே எடுத்துப் போட்டு, ஜப்பானை முந்திவிட்டதாக எழுதியது.

இரண்டாவது வாதம்: வேகமாக வளர்கிறோம், அதனால் முந்தினோம். வளர்ச்சியில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஏப்ரலில் இந்தியாவுக்கு 6.2 விழுக்காடு வளர்ச்சி கணித்த நிதியம் அக்டோபரில் அதை 6.6 ஆக உயர்த்தியது. வளர்ச்சிக் கணிப்பு ஏறியது, இடம் இறங்கியது! இதற்கு நேர்மாறான காட்சி 2023-இல் ஜெர்மனியில் நடந்தது. அந்த ஆண்டு ஜெர்மனியின் பொருளாதாரம் சுருங்கியது. அதே ஆண்டில்தான் ஜப்பானைத் தாண்டி மூன்றாம் இடத்துக்கு வந்தது.

இந்தப் புதிருக்கு விடை நாணய மாற்று விகிதம். 2012-இல் ஒரு டாலருக்கு சுமார் 80 யென். அப்போது ஜப்பானின் உற்பத்தி 6 லட்சம் கோடி டாலருக்கு மேல். 2024-இல் டாலருக்கு 150 யென். உற்பத்தி 4 லட்சம் கோடி டாலர். மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிட்டதா? யென்னில் பார்த்தால் சுமார் 500 லட்சம் கோடியிலிருந்து 600 லட்சம் கோடியைத் தாண்டியிருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் பள்ளத்தில் இறங்கினால் நம் உயரம் கூடியதுபோல்தான் தெரியும்.

நம் பக்கமும் அதே கதைதான். 2026 ஜனவரியில் வந்த முதல் முன்மதிப்பீட்டின்படி 2025-26-இன் உற்பத்தி நடப்பு விலையில் சுமார் 357 லட்சம் கோடி ரூபாய். டாலருக்கு 85 ரூபாய் என்று வகுத்தால் 4.2 லட்சம் கோடி டாலர். 90 என்று வகுத்தால் 3.97. டிசம்பரில் ரூபாய் 90-ஐத் தாண்டியது நினைவிருக்கும். ஒரு மூட்டை நெல் கூடாமல் குறையாமல், ஒரு சட்டை அதிகம் தைக்காமல், 23,000 கோடி டாலர் வந்து போகிறது. ஜப்பானுக்கும் நமக்கும் அக்டோபர் கணக்கில் இருந்த இடைவெளியை விட இது பெரிது. விலைவாசிக்கும் இதில் பங்குண்டு. அந்த மதிப்பீட்டில் உண்மை வளர்ச்சி 7.4 விழுக்காடு, நடப்பு விலையில் வெறும் 8. பணவீக்கம் தாழ்ந்திருந்தது மக்களுக்கு நல்லது. டாலர் தரவரிசைக்கு மட்டும் கெட்டது.

மூன்றாவது வாதக்காரர்கள் கொஞ்சம் படித்தவர்கள். மாற்று விகிதம் ஏமாற்றும் என்றால் வாங்கும் திறனை வைத்துப் பாருங்கள், அதிலும் ஜப்பானை முந்தியிருக்கிறோம் என்பார்கள். சரி. ஆனால் அது புதுச் செய்தியல்ல. உலக வங்கி ஒருங்கிணைத்த 2011-ஆம் ஆண்டு விலை ஒப்பீட்டின் முடிவுகள் 2014-இல் வந்தபோதே அந்த வரிசையில் இந்தியா மூன்றாம் இடம். 2025 மே மாதத்தில் கொண்டாட அதில் ஒன்றும் நடக்கவில்லை.

எந்த அளவுகோலை எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 2020 அக்டோபரில் இதே நிதியம், அந்த ஆண்டு இந்தியப் பொருளாதாரம் 10.3 விழுக்காடு சுருங்கும், டாலர் கணக்கில் தலா உற்பத்தியில் வங்கதேசம் நம்மைச் சற்றே தாண்டும் என்று கணித்தது. அன்று அரசு வட்டாரத்தினர் வாங்கும் திறன் கணக்கை எடுத்து வைத்துப் பதில் சொன்னார்கள். பின்னர் வந்த கணக்கில் வீழ்ச்சி 6 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. நிதியத்தின் கணிப்பு பெரிதும் தவறியது. பிடிக்காத கணிப்பு வெறும் கணிப்பு, பிடித்த கணிப்பு நடந்த உண்மை என்றால் அதற்குப் பெயர் ஆய்வல்ல.

நான்காவது வாதத்துக்கு வலு உண்டு. தலா வருமானத்தைச் சொல்லிச் சொல்லியே நாட்டைக் குறைத்துப் பேசாதீர்கள், மொத்த அளவும் முக்கியம் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் வாங்குவது டாலரில். நாணய நிதியத்தில் ஒரு நாட்டின் பங்கை நிர்ணயிக்கும் வாய்பாட்டில் பாதி எடை மொத்த உற்பத்திக்கு. ஆனால் 146 கோடிப் பேரின் உற்பத்தியும் 12 கோடிச் சொச்சம் பேரின் உற்பத்தியும் சமம் என்பதை வல்லமையின் அடையாளமாக மட்டும் படிக்க முடியாது. தலைக்கு சுமார் 2,900 டாலர் இங்கே, 34,000 அங்கே. மேலும் ஓர் ஆண்டின் உற்பத்தி வேறு, சேர்த்து வைத்த செல்வம் வேறு. 2024 முடிவில் ஜப்பானுக்கு வெளிநாடுகளில் இருந்த நிகரச் சொத்து 533 லட்சம் கோடி யென். இந்தியாவோ நிகரக் கடனாளி. சென்னை மெட்ரோவின் முதல் கட்டச் செலவில் பாதிக்கு மேல் வந்தது ஜப்பானியக் கடன் உதவியிலிருந்து.

கடைசியாக, இன்றில்லாவிட்டால் நாளை முந்தத்தானே போகிறோம் என்ற பேச்சு. முந்துவோம். 2024-இல் மட்டும் ஜப்பானியக் குடிமக்களின் எண்ணிக்கை 9 லட்சத்துக்கும் மேல் குறைந்தது. அப்படிப்பட்ட நாட்டை இந்தியா தாண்டாமல் போனால்தான் ஆச்சரியம். ஆனால் டிசம்பர் தொகுப்பு அதோடு நிற்கவில்லை. இரண்டரை முதல் மூன்று ஆண்டுகளுக்குள் ஜெர்மனியையும் தள்ளி மூன்றாம் இடம் பிடிப்போம் என்று தேதி குறித்தது. 2025-க்கு ஜெர்மனியின் அளவாக நிதியம் ஏப்ரலில் போட்டது சுமார் 4.74 லட்சம் கோடி டாலர். அக்டோபரில் சுமார் 5.01. ஆறே மாதத்தில் இலக்கு 27,000 கோடி டாலர் தள்ளிப் போயிருக்கிறது. அந்த ஆண்டு ஜெர்மனிக்கு அதே அறிக்கை கணித்த வளர்ச்சி 0.2 விழுக்காடு. மீதி வேலையைச் செய்தது யூரோ.