இரவில் நாயோடு யார் இருப்பார்கள்?

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் ஆரம்பாக்கத்தில் பேச்செல்லாம் டிக்கெட்டைப் பற்றித்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியிலும் வேலை பார்க்கிற எங்களில் நிறையப் பேர் வெளியூர்க்காரர்கள். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். என் வீட்டில் மின்னல் என்று ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. அதுவும் எங்கள் மாவட்டத்து இனம்தான். முயல் விரட்டப் பழக்கிய வம்சம். டிக்கெட் கிடைத்த பிறகுதான் எனக்குக் கவலையே தொடங்கும்.

ரயிலில் நாயைக் கூடவே அழைத்துப் போக வேண்டுமென்றால் ஏசி முதல் வகுப்பில் கூபேயோ கேபினோ முழுவதையும் நமக்கென்று எடுக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டிதான். முதலாவது என் சம்பளத்துக்குக் கட்டாது. இரண்டாவதற்கு மனம் ஒப்பாது. ஆகவே யாரிடமாவது விட்டுத்தான் போக வேண்டும். என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு பண்டிகைக்கும் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களை நம்பி நாய் விடுதிகளும் பெருகுகின்றன.

விடுதி நடத்துகிறவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் அழகாக இருக்கும். பச்சைப் புல், நீச்சல் தொட்டி, கழுத்தில் ரிப்பன் கட்டிய லாப்ரடார். எல்லாம் பகலில் எடுத்தவை. நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இங்கே யார் தங்குவார்? 'வாட்ச்மேன் இருக்காருங்க' என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி, அவரிடம் கூண்டுச் சாவி இருக்குமா? ஒரு நாய்க்கு நள்ளிரவில் வயிறு உப்பினால் யாரைக் கூப்பிடுவார்? இதற்குத் தயங்காமல் பதில் சொன்ன விடுதிகள் மிகக் குறைவு. பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்ட நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வதும், பக்கத்துக் கூண்டு நாயோடு சண்டை மூட்டுவதும் இரவில்தான். அந்த நேரத்தில் ஆள் இல்லாத இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்திருந்தாலும் நான் விட மாட்டேன்.

அடுத்து நான் பார்ப்பது சுவரை. வேலை பார்க்கும் இடத்தில் ஓர் அண்ணன் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போனபோது தன் பக் நாயை ஒரு விடுதியில் விட்டிருந்தார். திரும்பி அழைத்து வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்துச் சாப்பாட்டை ஒதுக்கியது, படுத்தே கிடந்தது, ஒரு காலையில் மூக்கிலிருந்து ரத்தம். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல். நான்கு வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்துப் பிழைக்க வைத்தார். நாய் உடம்பில் ஊறும் பழுப்பு உண்ணி புல்லில் மட்டும் வாழ்வதில்லை. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கூரைச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பிறகு அந்தக் கூண்டில் வந்து தங்குகிற ஒவ்வொரு நாயும் அதற்கு இரை. இன்று தளத்தைப் பினாயில் போட்டுக் கழுவியிருக்கிறார்களா என்பதைவிட, சுவர் பூசி விரிசல் அடைத்திருக்கிறதா, எப்போது மருந்து அடித்தார்கள் என்பதுதான் முக்கியம். கைபேசி டார்ச்சைப் போட்டுக் கூண்டின் மூலையைப் பாருங்கள். உரிமையாளர் கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

தடுப்பூசிச் சீட்டைக் கேட்காமல் நாயைச் சேர்த்துக்கொள்ளும் இடமும் வேண்டாம். உங்கள் நாயிடம் கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாயிடமும் கேட்டிருக்க மாட்டார். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல், வெறிநோய் நான்குக்கும் ஊசி இருக்கிறது. கூட்டமாக அடைத்த இடத்தில் இருமலால் பரவும் கென்னல் காஃபுக்கும் தடுப்பு மருந்து உண்டு. ஆனால் ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. கிளம்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே போட வேண்டும்.

எங்கள் பகுதிக்கென்று சில அபாயங்கள் உண்டு. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மனிதனாலேயே உட்கார முடியாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூக்கு சப்பையான பக், ஷிட்ஸு போன்றவற்றுக்கு அதுவும் முழுதாக முடியாது. விடுதியைப் பார்க்கப் போகிறவர்கள் மாலைக் காற்றில் போகாமல் மதியம் இரண்டு மணிக்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கவலை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் தத்தளித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தாழ்வான இடத்தில் தரையோடு கூண்டு வைத்திருப்பவரிடம், தண்ணீர் ஏறினால் நாய்களை எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்பது தவறே இல்லை.

வேலியை என் கண்ணால் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. தெரியாத இடத்தில் விடப்பட்ட நாய் தப்பினால் கண்மண் தெரியாமல் ஓடும். இங்கே ஒரு பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலை, இரவு பகலாக லாரி. இன்னொரு பக்கம் கூடூர் ரயில் பாதை. ஆளுயரச் சுவர் மின்னலுக்கு ஒரு தடையே இல்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் எடுத்த முடிவு, மின்னல் தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்பதுதான். பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டுத் திண்ணையறையில் வந்து படுத்துக்கொள்கிறார். தெலுங்குக்காரர். எல்லை ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. மின்னலுக்கு 'வா'வும் தெரியும், 'ரா'வும் தெரியும். அவருக்கு நான் கூலி கொடுக்கிறேன். முதலில் 'நாய்க்குச் சோறு வைக்க எதுக்கும்மா காசு' என்றார். வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தினேன். ஒரு சேலையும் அரைக்கிலோ ஸ்வீட்டும் கொடுத்துவிட்டு, அடுத்தவரின் இரவுத் தூக்கத்தை வாங்கிக்கொள்வது நியாயமில்லை. கூலி வாங்குகிறவரிடம்தான் வேளை தவறாமல் மாத்திரை கொடுங்கள் என்று உரிமையோடு சொல்ல முடியும். எடையும் மருந்தும் எழுதிய தாள், மருத்துவரின் எண், ஒரு தொகை, 'நான் போனை எடுக்கவில்லை என்றாலும் சிகிச்சைக்குச் சம்மதம்' என்று என் கையெழுத்து, எல்லாம் அவரிடம் இருக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் என் சம்மதத்துக்காக யாரும் காத்திருக்கக் கூடாது.

எல்லோருக்கும் இப்படி ஓர் அக்கா அமைய மாட்டார். ஷிப்ட் வேலைக்குப் போகிற, அக்கம்பக்கம் பழகாத, புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்கு விடுதிதான் வழி. அதனால்தான் விடுதிகளுக்கு ஒழுங்கு வேண்டும் என்கிறேன். நாய் இனப்பெருக்கம் செய்து விற்கிறவர்களுக்கு 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. செல்லப் பிராணிக் கடைகளுக்கு 2018-ல் வந்தது. இரண்டும் விற்பனையைக் கண்ணில் வைத்து எழுதியவை. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் நாயைப் பத்து நாள் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கென்றே எழுதியவை அல்ல.

மிச்சமிருப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து பிறந்தது அது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாத உரிமையாளர் குற்றவாளி என்று அன்றே எழுதி வைத்தார்கள். ஆனால் முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இன்றும் அதே தொகைதான். ஒரு நாள் வாடகையாக ஐந்நூறு ரூபாய் வாங்குகிறவர் இதற்கா பயப்படுவார்?

தமிழ்நாடு அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாய் விடுதிகள் கால்நடை பராமரிப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். எத்தனை நாய்க்கு இடம் என்பதை வாசலில் எழுதி வைக்க வேண்டும். இரவில் ஓர் ஆள் கட்டாயம் தங்க வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரம் அந்தந்தப் பகுதிக் கால்நடை மருத்துவர் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களே, டிக்கெட் எடுக்கிற அன்றே தடுப்பூசிச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். விடுதியில் விடுவதென்றால் முன்கூட்டியே ஓர் இரவு மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு முன்பணம் கட்டுங்கள்.