பழைய மகிழுந்தும் புதிய கண்ணாடியும்

தைப்பிங்கில் வசிக்கும் என் பெரியப்பாவிடம் 1963ஆம் ஆண்டு தயாரான மோரிஸ் மைனர் மகிழுந்து ஒன்று உள்ளது. இளமையில் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் அவர் வாங்கிய வண்டி அது. என் பெற்றோர் திருமணம் முடிந்து வீடு திரும்பியதும் அதில்தான். இன்றும் வாரம் ஒருமுறை சந்தைக்கும் கோவிலுக்கும் அதை ஓட்டிச் செல்கிறார்.

அந்த வண்டியின் பக்கக் கண்ணாடிகள் கதவுகளில் இல்லை. முன்சக்கரங்களுக்கு மேலுள்ள மட்கார்டுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். யாராவது உரசிச் சென்றால் திரும்பிக்கொள்ளும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டாது. ஆகவே, பெரியம்மா இறங்கிச் சென்று கண்ணாடியைத் திருப்புவார். பெரியப்பா உள்ளிருந்தபடி, "இன்னும் கொஞ்சம்... போதும்" என்பார்.

சென்ற ஆண்டு ஒருநாள், அவர் இடப்பக்கம் திரும்ப முயன்றபோது பெரியம்மா, "நிறுத்துங்க!" என்று அலறினார். இடப்பக்கம் ஒட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பெரியப்பா பார்க்கவே இல்லை. அதன் பின்னிருக்கையில் பள்ளிச் சீருடையுடன் ஒரு சிறுமி அமர்ந்திருந்தாள். நல்ல வேளையாக எவருக்கும் காயமில்லை.

அன்று மாலையே பெரியப்பாவின் மகன், விசையை அழுத்தித் திருப்பக்கூடிய நவீனப் பக்கக் கண்ணாடிகளைப் பொருத்தலாம் என்றார். "வேண்டாம்பா, வண்டியோட முகமே மாறிடும்" என்று பெரியப்பா மறுத்துவிட்டார்.

இருவரில் யார் சொல்வது சரி? மகன் சொல்வதே சரி என்பது என் கருத்து.

முதலாவதாக, இன்றைய சாலை அன்றைய சாலை அன்று. மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. அக்காலத்தில் வாகனங்கள் குறைவு, வேகமும் குறைவு. இன்றோ, நெரிசலில் நிற்கும் மகிழுந்தின் இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள் நுழைந்து செல்கின்றன. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே.

இரண்டாவதாக, மின்விசைக் கண்ணாடி வெறும் சொகுசுப் பொருள் அன்று. வலப்பக்கக் கதவில் கண்ணாடி இருந்தால், சன்னல் வழியாகக் கையை நீட்டியே அதைத் திருத்திவிடலாம். இடப்பக்கக் கண்ணாடியைத் தனியாக ஓட்டுபவர் எப்படித் திருத்துவார்? பெரியம்மா உடன் வராத நாளில், தவறாகத் திரும்பிய கண்ணாடியோடுதானே அவர் செல்ல வேண்டும்? புதிய கண்ணாடிக்குள் இரண்டு சிறிய மோட்டார்கள் உள்ளன. ஒன்று கண்ணாடியை மேலும் கீழும் அசைக்கும்; மற்றொன்று பக்கவாட்டில் அசைக்கும். திருத்தும் சில வினாடிகளுக்கு மட்டுமே அவை மின்சாரத்தைப் பயன்படுத்தும்.

பழமையை விரும்புவோர் இதை ஏற்கமாட்டார்கள். "ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் மாற்றத் தோன்றும். இறுதியில் பழைய வண்டியின் பெயர் மட்டுமே மிஞ்சும்" என்பார்கள். இந்த அச்சம் நியாயமானதே. இருப்பினும், மோரிஸ் மைனரின் வரலாறே மாற்றங்களின் வரலாறுதான். அதன் வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸ், மாதிரி வண்டியை நடுவே வெட்டி 4 அங்குலம் அகலப்படுத்தினார். 1956இல் இரண்டு துண்டுகளாக இருந்த முன்கண்ணாடி ஒரே கண்ணாடியாக மாறியது. ஓட்டுநரின் பார்வைப் பரப்பு விரிந்தது. 1961இல், பக்கவாட்டில் கைபோல நீண்டு திசை காட்டிய கருவிகளுக்குப் பதிலாக மின்னும் விளக்குகள் வந்தன. நன்றாகப் பார்க்கவும் பிறருக்குத் தெளிவாகக் காட்டவும் உற்பத்தியாளரே வண்டியை மாற்றியிருக்கிறார். அதே நோக்கத்திற்காக நாம் மாற்றினால் மட்டும் அது பிழையாகுமா?

எனினும், எந்த மாற்றத்தையும் எப்படியும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியைத் தொடக்கூடாது. சாலையில் ஓடும் வண்டியிலும் பழைய தோற்றத்திற்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். இயன்றவரை உலோகத்தில் புதிய துளை இடாமல், பழைய பாணி வட்டக் கூட்டினுள் மோட்டாரைப் பொருத்தலாம். கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். மேலும், இவ்வகை வண்டிகளில் மின்கலத்தின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளில் இது நேர்மாறாக இருக்கும். எனவே, இதை அறிந்த பட்டறையிடமே வேலையை ஒப்படைக்க வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

பழம்பொருளைப் பேணுவது நற்பண்பு. ஆனால், அந்த அழகின் விலையை முன்பின் அறியாத ஒருவர் செலுத்தக்கூடாது. வண்டி பெரியப்பாவுடையது, சாலை எல்லாருக்கும் உரியது. விபத்து நடந்த பின் வருந்துவது கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் செய்வதற்கு ஒப்பாகும்.

நான் இதைச் சொன்னபோது பெரியப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு உன் மகள் வயசுதான் இருக்கும்" என்றார். மறுவாரம் வண்டி பட்டறைக்குச் சென்றது. பழைய கண்ணாடிகள் இப்போது துணியில் சுற்றப்பட்டு அவருடைய அலமாரியில் இருக்கின்றன.