கவர்நிலை அறிக!

மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று காட்டினார் திருவள்ளுவர். கடைசியாக ஏற்றிய இறகின்மேல் பழி சொல்லிப் பயனில்லை. வண்டி அதற்கு முன்பே தன் எல்லையை எட்டிவிட்டது. அவ்வெல்லையை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லவியலுமா? இயலும் என்பதே கவர்நிலைக் கோட்பாட்டின் விடை.

நேராக நிறுத்திய மெல்லிய கோலின் தலைமேல் சுமையை ஏற்றிக்கொண்டே போனால், ஓர் அளவுவரை அது நேராகவே நிற்கும். அவ்வளவைத் தாண்டியதும் இடமாகவோ வலமாகவோ வளையும். 1744-இல் ஆய்லர் இவ்வெல்லையைக் கணக்கிட்டார். கோலின் நீளம் இருமடங்கானால் தாங்கும் எல்லை நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது அவர் கண்ட முடிபு. எல்லைக்கு அப்பாலும் நேர்நிலை அச்சமன்பாட்டின் விடையே. ஆயின், நிலைபேறற்ற விடை. சிறு காற்றசைவே அதனைக் கலைத்துவிடும். ஒரு வழியாய் வந்தது மூன்று வழியாய்ப் பிரியும் இவ்விடத்திற்கு, 1885-இல் பிரான்சு நாட்டுப் புவான்காரே, இலத்தீனில் கவைக்கோலைக் குறிக்கும் சொல்லடியாகப் பெயரிட்டார். கவர்த்த வழியைக் குறித்த ‘கவலை’ என்னும் சொல்லையே, உள்ளம் ஒருவழிப்படாத துயருக்கும் வழங்கும் தமிழர்க்கு இக்கருத்து அயலாகுமோ?

தகடும் நீரும் காற்றும் இடந்தோறும் காலந்தோறும் மாறுவன. அவற்றின் இயல்பைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளாலேயே எழுதவியலும். அங்கும் கவர்நிலை உண்டு. அடியில் சூடேற்றிய மெல்லிய நீர்மப்படலம் முதலில் அசைவின்றியே வெப்பத்தை மேலே கடத்தும். எல்லை கடந்ததும் ஒழுங்கான அறைகளாகப் பிரிந்து சுழலும். இத்தகைய அறைகளைப் பெனார் 1900-இல் ஆய்ந்து காட்டினார். இராலே 1916-இல் இச்சுழற்சியின் தொடக்கத்தைக் கணக்காக்கினார். வெப்ப வேறுபாடு, படலத்தின் தடிப்பு, நீர்மத்தின் பிசுக்கு முதலியவற்றை ஒன்றாக்கிய இராலே எண், இரு திண்ணிய தட்டுகளுக்கிடையே ஏறத்தாழ 1708 ஆகும்வரை அமைதி, அதற்குமேல் சுழற்சி!

1952-இல் ஆலன் தூரிங்கு இதனை உயிர்களின் உருவாக்கத்திற்குக் கொண்டுசென்றார். பரவல் வேறுபாட்டை அழிக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஒன்றோடொன்று வினைபுரியும் இரு பொருள்கள் வெவ்வேறு விரைவில் பரவின், அப்பரவலே ஒருசீர்நிலையைக் குலைத்துப் புள்ளியும் வரியும் தோற்றுவிக்கலாம் என்று அவர் காட்டினார்.

இவை ஏட்டுக் கணக்குகள் என்று ஒதுக்குவார் மெல்பேண் நகரை எண்ணிப் பார்க்கட்டும். அழுத்திய தகடு புடைக்கும் எல்லையைப் பிரையன் 1891-இலேயே கணக்கிட்டிருந்தார். எனினும் 1970 அக்தோபர் 15-ஆம் நாள் அந்நகரில், கட்டுமானத்திலிருந்த மேற்கு வாயிற் பாலத்தின் 112 மாத்திரி நீளப் பகுதி வீழ்ந்து, 35 பேர் மாண்டனர். இரு பாதிகளுக்கிடையே இருந்த ஏறத்தாழ 11 நூற்றுமாத்திரி உயர வேறுபாட்டைச் சரிசெய்யக் கற்காரைக் கட்டிகளை ஏற்றினர். எஃகுத் தகடு புடைத்தது. புடைப்பை நீக்க மரையாணிகளைக் கழற்றினர், பாலம் சரிந்தது. கணக்கு ஏட்டில் இருந்தது. அந்த 35 உயிர்களைக் காக்க அது வேலையிடத்தில் உதவவில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1961-இல் நீர்மங்களின் நிலைபேறு பற்றியும், 1969-இல் புவான்காரே ஆய்ந்த அதே சுழலும் நீர்மத்திரள் பற்றியும் பெருநூல்கள் யாத்தார். இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளன.

எல்லை பற்றிய அறிவு வேலையிடத்தை எட்டவேண்டுமாயின், வேலையிடத்து மொழியில் அது வழங்கவேண்டும். தமிழகத்தில் அம்மொழி தமிழே. சுமை ஏற்றும் கையும் ஆணி கழற்றும் கையும் கவர்நிலையை அறிந்திருக்கட்டும்! கணக்கறிந்த தமிழர் அதனைத் தமிழில் எழுதட்டும்!