மண்டபத்தில் கேட்ட மழைப் பலன்

சித்திரை முதல் நாள் மாலை தீபாராதனை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பஞ்சாங்க படனம் தொடங்கும். ஆண்டின் ராஜா யார், மந்திரி யார் என்பதை எல்லோரும் புன்முறுவலுடன் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மேகாதிபதி, சஸ்யாதிபதி என்று வரும்போதுதான் தூணில் சாய்ந்திருக்கும் முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை. கடலில் இவ்வளவு, மலையில் இவ்வளவு, பூமியில் இவ்வளவு என்று பங்கு பிரித்துச் சொல்லப்படும்.

ஏறக்குறைய அதே நாட்களில் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் தென்மேற்குப் பருவமழைக்கான நீண்டகால முன்னறிவிப்பை வெளியிடுகிறது. உழவர் வீட்டில் அப்போது ஒரு பழைய வழக்கு மீண்டும் எழும். தந்தை மார்கழியில் தாம் பார்த்து வைத்த கர்ப்போட்டத்தைச் சொல்வார். மகன் கைப்பேசியைக் காட்டுவான். எதை நம்பி விதைப்பது?

தந்தையின் கணக்கை எள்ளி நகையாடுவது தகாது. சூரியன் பூராட நட்சத்திரத்தில் சஞ்சரிக்கும் ஏறத்தாழ பதினான்கு நாட்களில் மேகம், காற்று, மின்னல் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கி, வரும் மழையைக் கணிப்பது கர்ப்போட்டம். மேகம் கருவுற்ற 195 ஆம் நாளில் மழையாகப் பிறக்கும் என்று வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் வகுத்திருக்கிறார். சில மாதங்களுக்கு முந்திய வானத்தில் வரும் மழையின் அடையாளம் இருக்கும் என்னும் எண்ணமே நவீன முன்னறிவிப்புக்கும் அடிப்படை. 1886 இல் பிளான்ஃபோர்டு என்ற அதிகாரி இமயத்தில் படிந்த பனியைக் கொண்டு இந்தியாவின் பருவமழையைக் கணித்தார். அவருக்குப் பின் வந்த கில்பர்ட் வாக்கர் தொலைதூரக் கடல்களின் காற்றழுத்தத்தையும் கணக்கில் சேர்த்தார். பார்க்கும் இடம் மாறியது. பார்க்கும் ஆவல் ஒன்றுதான்.

ஆயினும் இரண்டு கணிப்புகளுக்கும் ஒரே எல்லை உண்டு. நாடு முழுவதற்கும் நான்கு மாதங்களுக்கும் சேர்த்துச் சராசரி 87 சென்டிமீட்டர் மழை பெய்யும் என்பதை வைத்து, இவ்வாண்டு அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்றே துறை சொல்கிறது. 2002 ஆம் ஆண்டு 101 விழுக்காடு என்று சொல்லப்பட்டது. பெய்ததோ 81 விழுக்காடு. அவ்வாண்டு ஜூலையில் இயல்பான மழையில் ஏறக்குறைய பாதிதான் பெய்தது. கணிப்பு பலிக்கும் ஆண்டிலும் அந்த மழை எந்த ஊரில், எந்த வாரத்தில் என்பது அதில் இராது. விதைப்பவனுக்கு வேண்டியதோ அந்த வாரம்தான்.

கோவில்பட்டிச் சீமையின் கரிசல் மானாவாரிக் காடுகளில் இந்தச் சங்கடம் தெளிவாகத் தெரியும். அங்கு வாழ்வு வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. மழை இறங்கியபின் கரிசல் சேறாகிவிடும், ஏர் இறங்காது. ஆகவே புரட்டாசியிலேயே, ஈரம் படாத மண்ணில், விதையை ஆழமாக ஊன்றிவிடுவார்கள். சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காமல், நல்ல மழைக்கே அது முளைக்க வேண்டும் என்பது கருத்து. வடகிழக்குப் பருவத்துக்கான முன்னறிவிப்போ செப்டம்பர் முடியும் தறுவாயில்தான் வருகிறது. அதற்குள் புரட்டாசி பாதி போய்விடும்! 2015 இல் வெள்ளம் கண்ட தமிழகம், அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவத்தில் 62 விழுக்காடு மழைக் குறைவையும் கண்டது. அத்தகைய ஆண்டில் முழு நிலத்தையும் ஒரே மூச்சில் விதைத்தவர் வீட்டில் விதையும் இல்லை, மறுவிதைப்புக்குப் பணமும் இல்லை. நகை அடகுக்குப் போகும். பேத்தியின் கல்யாணம் தள்ளிப்போகும்.

நீண்டகாலக் கணிப்பு பயனற்றது என்பதன்று. எவ்வளவு கடன் வாங்குவது, பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவதா, பருத்தியைக் குறைத்துக் கம்பும் உளுந்தும் கூட்டுவதா என்னும் வீட்டு யோசனைகளுக்கு அது உதவும். விதைக்கும் நாளை மட்டும் அதனிடம் கேட்கலாகாது. அதற்கு மண்ணின் ஈரமும், செவ்வாய், வெள்ளிகளில் வெளியாகும் ஐந்து நாள் வேளாண் வானிலை அறிக்கையும் உண்டு. அதைக் கைப்பேசியில் தரும் செயலிக்கு மேகதூத் என்று பெயர். காளிதாசன் விட்ட மேகம் இன்னும் தூது போய்க்கொண்டிருக்கிறது போலும்.

நிதானம் அறிந்த கரிசல் குடும்பங்களில் தந்தை சொல்லுக்குப் பாதிக் காடு, மகன் சொல்லுக்குப் பாதிக் காடு. முன்பாதியில் புரட்டாசித் தொடக்கத்தில் விதை விழும். பின்பாதிக்குரிய விதை, முன்னறிவிப்பும் முதல் மழையும் வரும்வரை, குலுக்கையிலேயே காத்திருக்கும்.