நண்பன் மேல் காதல்: குற்றம் யாருடையது?

உயிருக்கு உயிரான நண்பன். ஒரே ஆபீசில் வேலை. ஒரே வீட்டில் வாசம். அந்த நட்பு ஒருவன் மனதில் மட்டும் காதலாக மாறிவிட்டது. மற்றவனோ பெண்களை மட்டுமே விரும்பும் இயல்பு உடையவன். அப்போது என்ன ஆகும்?

இது கற்பனை அல்ல. இங்கிலாந்தில் ஒரு பெரிய கவிஞருக்கு நேர்ந்தது.

ஒரே வீடு, இரண்டு மனம்

கவிஞர் பெயர் ஏ.இ.ஹவுஸ்மன். 1877-ம் ஆண்டு ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனார். அங்கே மோசஸ் ஜாக்சன் என்ற மாணவர் நண்பர் ஆனார். ஜாக்சன் விஞ்ஞானம் படித்தவர். படகு வலிப்பதில் கெட்டிக்காரர்.

பின்னர் இருவரும் லண்டனில் ஒரே சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தனர். ஜாக்சனும் அவர் தம்பியும் இருந்த வீட்டிலேயே ஹவுஸ்மனும் தங்கினார். 1885-ல் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

1887-ல் ஜாக்சன் கராச்சிக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஒரு கல்லூரிக்கு முதல்வர் ஆனார். 1889-ல் திரும்பி வந்து ஒரு பெண்ணை மணந்தார். அந்தக் கல்யாணத்துக்கு ஹவுஸ்மனுக்கு அழைப்பு இல்லை!

ஆனாலும் நட்பு அறுந்துவிடவில்லை. ஜாக்சனின் ஒரு மகனுக்கு ஹவுஸ்மன் ஞானத்தந்தை ஆனார். 1922-ல் ஜாக்சன் கனடாவில் நோயில் கிடந்தார். ஹவுஸ்மன் அவசரமாகத் தம் கவிதைகளை அச்சிட்டு அனுப்பிவைத்தார். மறு ஆண்டு ஜனவரியில் ஜாக்சன் இறந்தார். ஹவுஸ்மன் 1936-ல் சாகும்வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

வாயை அடைத்த சட்டம்

ஜாக்சன் மேல் குற்றம் இல்லை. வராத காதலை யாராலும் வரவழைக்க முடியாது. ஹவுஸ்மன் மேலும் குற்றம் இல்லை. தன் இயல்பை அவர் கடையில் வாங்கவில்லை.

ஆனால் இங்கிலாந்தில் 1885-ல் ஒரு சட்டம் வந்தது. ஆணும் ஆணும் உறவு கொண்டால் 2 ஆண்டு வரை சிறை. பிரபல எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1895-ல் அந்தச் சட்டத்தில்தான் சிறை சென்றார். பிறகு யார் வாய் திறப்பார்?

ஹவுஸ்மனின் தம்பி இந்த ரகசியத்தை எழுதி, 1942-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒப்படைத்தார். 25 ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கெடு 1967-ல் முடிந்தது. அந்தச் சட்டம் இங்கிலாந்தில் தளர்ந்ததும் அதே ஆண்டில்தான்!

நம் நாட்டில்

வெள்ளையர்கள் 1860-ல் இங்கேயும் 377-வது பிரிவை எழுதிவைத்தனர். வயது வந்த இருவர் சம்மதித்துக் கொள்ளும் உறவு குற்றம் ஆகாது என்று 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இந்த இயல்பை மாற்றுவதாகச் சொல்லி வைத்தியம் செய்யக்கூடாது என்று 2021-ல் சென்னை ஐகோர்ட்டு தடுத்தது. ஆனால் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணப்பதை அங்கீகரிக்க 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது.

சிறைப் பயம் போயிற்று. வீட்டுப் பயம் போயிற்றா?

பக்கத்துத் தெருப் பெண்ணை நினைத்து மகன் சாப்பிடாமல் கிடந்தால், தாய் கண்டுபிடித்துவிடுவாள். தகப்பன் திட்டுவார், பிறகு தேற்றுவார். நண்பனை நினைத்துக் கிடப்பவன் என்ன காரணம் சொல்வான்? காதல் கைகூடாதது ஒரு துக்கம். அதை மறைத்து வைப்பது இன்னொரு துக்கம்.

முதல் துக்கத்தை எந்தச் சட்டமும் தீர்க்காது. நண்பன், "எனக்கு அந்த எண்ணம் இல்லை, ஆனால் நீ என் நண்பன்தான்" என்று நேராகச் சொல்லலாம். கேட்டவன் அதை மதித்து விலகி நிற்கலாம். காலம் ஆற்றும்.

இரண்டாவது துக்கத்தைத் தீர்ப்பது வீட்டார் கையில் இருக்கிறது. "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று பெண் பார்க்கக் கிளம்ப வேண்டாம். ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்வும் அதில் பாழாகும். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னப்பா மனசில்?" என்று கேளுங்கள். அவன் சொல்வதைக் கடைசி வரை கேளுங்கள்.